பிரதம விருந்தினரை எழுப்பிய மிஸ்

தேவகுமாரி மிஸ்ஸுக்கு ரோபோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவரே எல்லோரிடமும் சொல்வார். பற்றரியின் எந்த வயர் எதில் பொருந்தும் என்று யாராவது கேட்டால், பக்கத்தில் நிற்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார். அப்படிப்பட்டவர்தான் இன்று யாழ்ப்பாணத்தில் சிறுவர் ரோபோப் போட்டி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிற ஆள். ஆனால் போட்டி மலரைப் புரட்டிப் பாருங்கள்: வாழ்த்துச் செய்தி தந்த பெரியவர்களின் படங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன, தேவகுமாரி மிஸ்ஸின் பெயர் கடைசிப் பக்க நன்றியுரையில் 'மற்றும் பலர்' என்பதற்குள் போய்விட்டது. எனக்கு அது வயிற்றெரிச்சல். ஆகவே நானே எழுதுகிறேன்.

நான் அந்தப் போட்டியின் அறிவிப்பாளர். தமிழ் படிப்பிக்கிற வாத்தியார். மைக் பிடித்தால் விடமாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள், அது உண்மைதான். கோயில் திருவிழா, பாடசாலை ஒளிவிழா, விளையாட்டுப் போட்டி என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். விளையாட்டுப் போட்டிகளில்தான் தேவகுமாரி மிஸ்ஸை எனக்குத் தெரியும்.

அவர் அச்சுவேலிக்காரி. அந்தக் காலத்து மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்து, அந்தப் பள்ளிக்கூடங்களிலேயே படிப்பிக்கப் போன குடும்பம். ஞாயிறு ஆராதனைக்கு மணி அடிப்பதற்கு முன் தேவாலய வாங்கில் போய் இருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர். நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. வலயப் போட்டிகளில் ஓட்டம் தொடக்கிவைப்பவர் அவர்தான். துவக்கு வெடிப்பதற்குப் பதிலாக இரண்டு பலகைகளைச் சேர்த்துத் தட்டுவார். அவர் கையில் பலகையோடு நின்றால் மைதானத்தில் ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டுகூட நின்றுவிடும். பலாலி வீதியில் ஸ்கூட்டியில் போகும்போது ஹெல்மெட் பட்டியை நாடிக்குக் கீழே இறுக்கிப் போட்டுக்கொண்டு போகிற ஒரே மனுசி என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் சிரிக்கமாட்டார்.

ரோபோப் போட்டிக்கு அவர் முதல் தடவை வந்தது தற்செயல். விஞ்ஞான ஆசிரியைக்கு அன்று காய்ச்சல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தால் போதும் என்று பாடசாலை அதிபர் சொல்லி அனுப்பியிருக்கிறார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், சந்தைக்குப் பின்னால் ஒழுங்கைக்குள் இருக்கிற மண்டபம். அன்றைக்கு அந்த மண்டபத்தைப் பார்த்திருக்க வேண்டும். சின்னப் பிரிவு, பெரிய பிரிவு என்பதெல்லாம் பெயருக்குத்தான். மேசைகளைச் சுற்றிப் பிள்ளைகளைவிடத் தகப்பன்மார்தான் அதிகம். ரியூசன் படிப்பிக்கிற சேர்மார் முழங்காலில் இருந்து ஆணி முறுக்குகிறார்கள், ரோபோவின் சொந்தக்காரப் பிள்ளை ஓரமாக நின்று மிக்ஸர் தின்கிறது. பிள்ளைகள் எல்லாம் கழுத்துப்பட்டி, சப்பாத்து, வெள்ளைச் சீருடை. பெண்பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல், பின்னல் நுனியில் பாடசாலை நிறத்தில் ரிபன். முடிவில் பிரதம விருந்தினரோடு படம் எடுக்க வேண்டுமே. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை என்ன வேலை செய்தாலும் படத்துக்கு நிற்கிற கோலத்தில்தான் செய்ய வேண்டும்.

குருநகரில் உள்ள ஒரு சின்னப் பாடசாலையிலிருந்து ஜெசிதா என்று ஒரு பிள்ளை வந்திருந்தது. அப்போது ஆறாம் வகுப்பு. அவளுடைய ரோபோவின் முன்பக்கத்தில் பந்துகளை உள்ளே இழுத்தெடுக்கிற உருளை ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. பந்து ஏன் ஏறவில்லை என்று பார்க்க அவள் குனிந்தாள். இடதுபக்கப் பின்னல் உருளைக்குள் போய்விட்டது.

பிள்ளையின் தலை மேசையோடு இழுபடுகிறது. அவள் வலியில் குழறுகிறாள். நிறுத்துகிற ஆளி, அந்த சுவிட்ச் எங்கே என்று ஒருவர் கேட்கிறார். மடிக்கணினியில்தான் நிறுத்தலாம் என்று இன்னொருவர் அதைத் தேடுகிறார். வேறொருவர் பிள்ளையின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார், அது இன்னும் மோசம். நான் மைக்கில் "அமைதி, அமைதி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் யாருக்கு என்ன பயன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தேவகுமாரி மிஸ் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தோளில் தொங்கிய பையிலிருந்து பிளாஸ்ரர் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தார். காதோரத்தில் வைத்துப் பின்னலை வெட்டிவிட்டார்.

பிள்ளையின் தலைத்தோல் தப்பியது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஜெசிதாவின் தாய் மிரியம் மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். பிறகுதான் இயந்திரத்தில் தொங்கிய பின்னலைக் கண்டார். அடுத்த ஞாயிறு அவர்களுடைய கோவிலில் ஜெசிதாவுக்கு உறுதிப்பூசுதல் சடங்கு. முக்காடும் பூமுடியும் வாங்கி வைத்திருந்தார்கள்.

"என்ரை பிள்ளையின்ரை தலையிலை கத்தரிக்கோல் வைக்க நீங்கள் ஆர்?" என்று கேட்டார்.

மிஸ் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டார். அன்றைக்கு வைத்த பெயர் 'பின்னல் வெட்டின மிஸ்'. கொஞ்ச நாள் அதுதான் கதை. தலை தப்பியதைப் பற்றிக் கதைத்தவர்கள் குறைவு, பின்னல் போனதைப் பற்றிக் கதைத்தவர்கள் கூட.

அடுத்த கிழமை மிஸ் குருநகருக்குப் போய் மிரியத்தைக் கண்டிருக்கிறார். பின்னல் வளரும் என்று ஆறுதல் சொல்ல வரவில்லை, அடுத்த வருசமும் பிள்ளையைப் போட்டிக்கு விடுங்கோ, நான் பக்கத்தில் நிற்பேன் என்று கேட்க வந்தேன் என்றாராம். மிரியம் வாசலில் நின்றபடியே கேட்டார், உள்ளே வரச் சொல்லவில்லை. வேறொருவர் என்றால் அந்த அவமானத்தோடு ரோபோ என்ற சொல்லையே மறந்திருப்பார். மிஸ் நேரே போட்டிக் குழுவின் கூட்டத்துக்கு வந்தார். அழைப்பில்லாமல்.

குழுவின் செயலாளர் ஏர்னெஸ்ட் மாஸ்ரர், இளைப்பாறிய கணித ஆசிரியர். ஒரு எறும்பின் மனதும் நோகக்கூடாது என்று நினைக்கிற மனிதர். மிஸ் அவர் முன்னால் நின்று, சின்னப் பிள்ளைகளின் மேசையில் பெரியவர்களுக்கு என்ன வேலை என்று தொடங்கி, ஒவ்வொன்றாகக் கேட்டார். மாஸ்ரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சின்னப் பிரிவை நீங்களே பொறுப்பெடுங்கோ பிள்ளை என்றார். குறை சொல்கிறவரின் வாயை அடைக்க எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது: வேலையை அவர் தலையில் கட்டிவிடுவது. அநேகமானவர்கள் அந்த இடத்தில் நழுவிவிடுவார்கள். மிஸ் ஓம் என்றுவிட்டார்.

அடுத்த வருடப் போட்டிக்கு அவர் கொண்டுவந்த விதிகள் எல்லாம் மைதானத்து விதிகள்தான். மேசைகளைச் சுற்றிக் கயிறு கட்டினார். கயிற்றுக்கு உள்ளே பிள்ளைகளும் நடுவர்களும் மட்டும். தகப்பன், தாய், சேர், அதிபர் எல்லோரும் வெளியே. ஒவ்வொரு ரோபோவின் முதுகிலும் சிவப்பு ஆளி ஒன்று இருக்க வேண்டும். அதை அமத்தி நிறுத்தாமல் கை வைத்த பிள்ளை போட்டியிலிருந்து வெளியே. மேசைக்கும் ஒரு பெரிய சிவப்பு ஆளி, இரண்டு ரோபோவையும் ஒரேயடியாக நிறுத்துவதற்கு. அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி மிஸ் நிற்பார். தேத்தண்ணி கொடுத்தால் மற்றக் கையால் குடிப்பார்.

கழுத்துப்பட்டிதான் பெரிய சண்டையாக வந்தது. மேசைக்கு வரும் பிள்ளை கழுத்துப்பட்டியைக் கழற்ற வேண்டும், பின்னலைத் தூக்கி மடித்துக் குத்த வேண்டும் என்றதும் அதிபர்மாருக்கு மூக்கின் நுனியில் கோபம் வந்துவிட்டது. சீருடை குலைந்து தங்கள் பிள்ளைகள் சபையில் நிற்கமாட்டார்கள் என்று ஒருவர் தொலைபேசியில் ஏர்னெஸ்ட் மாஸ்ரரைக் காய்ச்சி எடுத்தார். மிஸ் மண்டப வாசலில் ஒரு கயிற்றுக் கொடி கட்டினார். உள்ளே வருகிற பிள்ளை பட்டியைக் கழற்றி அதில் போடும், படம் எடுக்கிற நேரம் எடுத்துக் கட்டும். பெண்பிள்ளைகளின் பின்னல்களை வாசலில் கதிரை போட்டு இருந்து தானே மடித்துக் குத்திவிட்டார். பொடியன்மார் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுடைய அடையாள அட்டை நாடாக்களைப் பிடித்து இழுத்துக் கழற்றிய பிறகு சிரிப்பு நின்றது.

போட்டியன்று காலை இன்னொன்றும் செய்தார். ஒரு ரியூசன் நிலையத்திலிருந்து வந்த பிள்ளைகள் தங்கள் ரோபோவைப் பற்றி ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்புவித்தார்கள். ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்கிற அதே இராகம். மிஸ் கேட்டு முடித்துவிட்டு, ரோபோ ஓடுகிற சில்லுகளில் ஒன்றைக் கழற்றித் திரும்பப் பூட்டிக் காட்டச் சொன்னார். ஒருவருக்கும் முடியவில்லை. டிலக்ஷன் என்ற எட்டாம் வகுப்புப் பொடியன் சில்லைப் பிடித்துச் சும்மா திருகிக்கொண்டு நின்றான், கண் கலங்கிவிட்டது. அவர்களுடைய சேர் ஜெயசுதன் கயிற்றைத் தாண்டி வரப் பார்த்தார். மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். நான் நினைத்தேன், இனி அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குத்தான் என்று. அவர் ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து அவர்களை நிலத்தில் இருத்தினார். பூட்டப் பழகிவிட்டு வாருங்கள், உங்களைக் கடைசியாகப் பார்க்கிறேன் என்றார். சேர் செய்த வேலைக்குப் பிள்ளை ஏன் அழ வேண்டும் என்பது அவருடைய கணக்கு. மத்தியானத்துக்கு முன் டிலக்ஷன் சில்லைக் கழற்றினான், பூட்டினான், பிறகு மற்றச் சில்லுகளையும் கழற்றிப் பூட்டினான். நிறுத்தச் சொல்லித்தான் நிறுத்தினான்.

இனி இறுதிப் போட்டி.

சின்னப் பிரிவின் இறுதிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அதே டிலக்ஷன். மற்றது ஜெசிதா. ஆம், மிரியம் பிள்ளையை அனுப்பியிருந்தார். கூடவே வந்தும் இருந்தார், ஆனால் மிஸ் நிற்கிற பக்கம் திரும்பவே இல்லை. வெல்கிற பிள்ளை அடுத்த சுற்றுக்குக் கொழும்புக்குப் போகும். குருநகரில் அந்தப் பாடசாலையிலிருந்து எதற்காகவும் ஒரு பிள்ளை கொழும்புக்குப் போனதில்லை என்று ஜெசிதாவின் வகுப்பாசிரியை காலையிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். தேவாலயத்தில் அவளுக்காகப் பூசை கூட ஒப்புக்கொடுத்திருக்கிறார்களாம்.

பிரதம விருந்தினர் கனகசபாபதி ஐயா. பிறந்தது கொடிகாமம், கனடாவுக்குப் போய்க் கனகாலம். போட்டிக்கு வேண்டிய ரோபோப் பெட்டிகளை எல்லாம் அனுப்புகிறவர் அவர்தான். அவரைக் கெட்டவராக நான் காட்டப்போவதில்லை, நல்ல மனிதர். விளக்கேற்றும்போது அவருக்குக் கண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். ஆனால் எங்கள் ஆட்கள் ஒரு வேலை செய்திருந்தார்கள். ஏர்னெஸ்ட் மாஸ்ரர் வீட்டுச் சோபாவை வான் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்து, மேல் ஒரு பட்டு விரித்து, கயிற்றுக்கு உள்ளே, மேசையோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். பிரதம விருந்தினரைக் கயிற்றுக்குப் பின்னால் சனத்தோடு சனமாக இருத்த முடியுமா? ஊர் என்ன சொல்லும்? காலையில் மிஸ் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவர் சும்மா இருப்பார் பிள்ளை என்று மாஸ்ரர் கெஞ்சினார். மிஸ் விட்டுவிட்டார்.

போட்டி இதுதான்: மேசையில் கிடக்கிற பந்துகளை எந்த ரோபோ கூடுதலாகத் தன் கூடையில் சேர்க்கிறது என்று பார்ப்பது. ஜெசிதாவின் ரோபோ நன்றாகத் தொடங்கியது. டிலக்ஷனுடையது மெதுவாக, ஆனால் பிழைவிடாமல் போனது. நான் மைக்கில் தேர்த்திருவிழாவுக்கு வர்ணனை செய்கிற மாதிரிச் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று ஜெசிதாவின் உருளையில் ஒரு பந்து இறுகிவிட்டது. உருளை முனகுகிறது, சுழலவில்லை. அவள் கை சிவப்பு ஆளியை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். அது சத்தியம்.

அப்போதுதான் சோபாவிலிருந்து குரல் வந்தது. "கையாலை எடு பிள்ளை, கையாலை எடு, நேரம் போகுது!"

கனகசபாபதி ஐயா சோபா விளிம்புக்கு வந்துவிட்டார். பிள்ளைக்கும் அவருக்கும் இடையில் ஒரு கை எட்டுகிற தூரம்கூட இல்லை. பொன்னாடை போர்த்த பெரியவர் சொல்கிறார். பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தானே அந்தப் பிள்ளையை வளர்த்திருக்கிறோம். அவள் ஆளியை விட்டுவிட்டு உருளைக்குள் விரலை வைத்தாள். பந்து வெளியே பாய்ந்தது, உருளை சுழன்றது. அதே கணத்தில் மிஸ்ஸின் உள்ளங்கை மேசை ஆளியை அமத்தியது. எல்லாம் நின்றது.

விரலில் தோல் உரிந்து கொஞ்சம் இரத்தம். அவ்வளவுதான். மிஸ்ஸின் கை அந்த ஆளியில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

நடுவர்களாக இருந்த இரண்டு இளம் பொறியியலாளர்கள் தாளைப் பார்த்தார்கள். ஆளியை அமத்தாமல் கை வைத்தால் வெளியே. விதி தெளிவு, அதுவும் மிஸ் போட்ட விதி. டிலக்ஷனின் ஆட்கள் கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். ஜெசிதா விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழவில்லை, வெளியே போகிற வாசலைப் பார்த்தாள். கயிற்றுக்குப் பின்னால் மிரியம் பிள்ளையின் பையைத் தூக்கித் தோளில் போட்டுவிட்டார். இவர்களிடம் வேறு என்னத்தை எதிர்பார்க்கலாம் என்பது போல இருந்தது அவர் முகம்.

மிஸ் பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்து, பிளாஸ்ரரை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கினார். "ஏன் பிள்ளை கை வைச்சனீர்?"

"அந்த ஐயா எடுக்கச் சொன்னவர், மிஸ்."

மெல்லிய குரல்தான். ஆனால் நான் மைக்கைக் கீழே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

ஏர்னெஸ்ட் மாஸ்ரர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். விதி விதிதானே, பிள்ளையை வெளியே விட்டுவிட்டு முடிப்போம், ஐயாவைத் தொடவேண்டாம், அவர் கோபித்துக்கொண்டால் அடுத்த வருடம் போட்டியே இல்லை என்று மிஸ்ஸின் காதுக்குள் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெட்டிகள் வராவிட்டால் போட்டி இல்லை. ஒரு பிள்ளை வெளியே போனால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

"பிள்ளையை வெளியிலை விடுறது லேசு, மாஸ்ரர். அதுக்கு வாய் இல்லை," என்றார் மிஸ். "சொன்னவர் சோபாவிலை இருக்க, கேட்ட பிள்ளை வெளியிலை போறதோ?"

ஓட்டப் போட்டியில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஓடத் தயாராகக் குனிந்து நிற்கும்போது வெளியே யாராவது கத்தி, அதனால் ஒரு பிள்ளை முந்திப் புறப்பட்டுவிட்டால், தொடக்கி வைப்பவர் எல்லோரையும் நிமிர்ந்து நிற்கச் சொல்வார். யார்மேலும் பிழை எழுதமாட்டார். சத்தத்தை அடக்கிவிட்டு ஓட்டத்தை முதலிலிருந்து தொடக்குவார். மிஸ் தன் வாழ்நாளில் எத்தனையோ தடவை செய்த வேலை அது. ஆனால் மைதானத்தில் கத்துகிறவன் பொன்னாடை போர்த்திக்கொண்டு கத்துவதில்லை.

அவர் எழும்பிச் சோபாவுக்குப் போனார். முகத்தில் கோபம் இல்லை.

"ஐயா, கயித்துக்கு உள்ளை பிள்ளையள் மட்டும்தான். எழும்பி அங்காலை வாங்கோ."

கனகசபாபதி ஐயாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் சிவந்தது. மிஸ் என் பக்கம் திரும்பி, அறிவிக்கச் சொன்னார். நான் என்னால் ஆன உதவியைச் செய்தேன். பெருமதிப்புக்குரிய பிரதம விருந்தினர் அவர்கள் இன்னும் வசதியான ஓர் இடத்திலிருந்து போட்டியைக் கண்டுகளிக்க விரும்புகிறார் என்று மைக்கில் தொடங்கினேன். மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினேன்.

"அண்ணை, நடந்ததைச் சொல்லுங்கோ."

சொன்னேன். வெளியிலிருந்து ஒரு பெரியவர் சொன்னதால் பிள்ளை கை வைத்தது, பிழை எந்தப் பிள்ளையிலும் இல்லை, இந்த ஓட்டம் செல்லாது, திரும்ப நடக்கும் என்று. இருபது வருடமாக மைக் பிடிக்கிறேன். அதில் நான் சொன்ன உருப்படியான அறிவித்தல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஐயா எழும்பினார். பொன்னாடையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, கயிற்றைக் குனிந்து தாண்டி, தகப்பன்மாருக்கு நடுவில் போய் நின்றார். அவருக்குக் கதிரை கொடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். ஏர்னெஸ்ட் மாஸ்ரரும் இன்னொருவரும் சோபாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள், அது கயிற்றில் மாட்டிக்கொண்டது. சிரிப்பு வந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

ஜெயசுதன் சேர் விடவில்லை. தன் பிள்ளை நேர்மையாக ஓடினவன், அவன் ஏன் திரும்ப ஓட வேண்டும், இது எந்த ஊர் நியாயம் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் கேட்டதும் சரிதான், இதை மிஸ்ஸே ஒத்துக்கொண்டார். டிலக்ஷனுக்கு இது கஷ்டம், அவனிடம் கேட்டுத்தான் செய்வேன் என்று அவனிடம் போனார். அவன் சேரைப் பார்த்தான், ஜெசிதாவைப் பார்த்தான், பிறகு ரோபோவைத் தூக்கித் தொடக்கக் கோட்டில் வைத்தான். அந்தப் பொடியனை எனக்கு அன்றிலிருந்து பிடிக்கும்.

தொடங்குவதற்கு முன் மிஸ் ஜெசிதாவிடம் ஒன்று சொன்னார். மற்றவர்களிடம் அவ்வளவு பொறுமையாக நின்றவர், பிள்ளையிடம் கண்டிப்பாகத்தான் சொன்னார்.

"ஆர் சொன்னாலும் சிவப்பை அமத்தாமல் கை வைக்கக்கூடாது. நான் சொன்னாலும்."

இரண்டாவது ஓட்டத்தில் ஜெசிதாவின் ரோபோ முந்தியதைவிட வேகமாகப் போனது. கூடையில் பந்துகள் விழுந்துகொண்டே இருந்தன. முடிகிற நேரம் நெருங்க, அதே உருளை, அதே மாதிரி, திரும்பவும் இறுகியது. நான் மைக்கை மூடிவிட்டேன். கயிற்றுக்குப் பின்னால் கனகசபாபதி ஐயா பொன்னாடையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மிரியம் கண்ணை மூடிக்கொண்டு செபம் சொன்னார்.

ஜெசிதா சிவப்பு ஆளியை அமத்தினாள். ரோபோ நின்றது. பந்தை எடுத்தாள், உருளையைக் கையால் ஒருதரம் சுழற்றிப் பார்த்தாள், திரும்ப இயக்கினாள். இயக்கிய பிறகு ரோபோ தன் இடத்தைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் டிலக்ஷன் போதிய பந்துகளைச் சேர்த்துவிட்டான். ஜெசிதா ஒரு பந்தால் தோற்றாள்.

அதற்குப் பிறகு மண்டபத்தில் நடந்ததைச் சொல்வதற்கு முன், குழுக் கதையை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். பரிசு கொடுத்துவிட்டுக் கனகசபாபதி ஐயா பேசாமல் போய்விட்டார். குழுவுக்குள் பெரிய குழப்பம். மிஸ் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாகி, ஏர்னெஸ்ட் மாஸ்ரர் வீட்டில் எல்லோரும் இருக்க, ஒலிபெருக்கியைப் போட்டுக் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். மிஸ் சொன்னார்: "ஐயா, எல்லாருக்கும் முன்னாலை உங்களை எழுப்பினது எனக்கும் மனவருத்தம். காலமையே அந்தச் சோபாவை எடுப்பிச்சிருக்க வேணும், அது என்ரை பிழை. ஆனா திரும்பவும் நடந்தால் திரும்பவும் எழுப்புவன்." மாஸ்ரர் தலையில் கை வைத்தார். பிறகு ஐயா, அந்தப் பிள்ளையின் விரல் காயம் ஆறிவிட்டதா என்று கேட்டார். அடுத்த வருடமும் பெட்டிகள் வந்தன. அவற்றோடு சின்னப் பிள்ளைகளின் முகத்துக்கு அளவான பாதுகாப்புக் கண்ணாடிகளும் ஒரு பெட்டி வந்தது. ஐயா வரவில்லை.

இப்போது அந்த மண்டபத்துக்கு வருகிறேன்.

தோற்ற பிள்ளையிடம் மைக்கை நீட்டக்கூடாது. எனக்கும் தெரியும். ஆனால் ஜெசிதா தானாகவே என் பக்கத்தில் வந்து நின்றாள். டிலக்ஷன் பேசி முடித்துவிட்டான்: அம்மாவுக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி, சேருக்கு நன்றி. வழக்கமான பேச்சு. அவளும் அதையே சொல்வாள் என்று நினைத்து மைக்கைக் கொடுத்தேன்.

அவள் நன்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கை வைச்சதும் என்னை வெளியிலை கலைச்சுப்போடுவினம் எண்டு நினைச்சனான். கலைக்கேல்லை," என்றாள். "அதாலை ரண்டாம் தரம் எனக்குப் பயம் இல்லை. பயம் இல்லாதபடியால்தான் சிவப்பை வடிவா அமத்தினனான்."

நான் மைக்கைத் திரும்ப வாங்கவே மறந்துவிட்டேன். அத்தனை அதிபர்மார், அத்தனை சேர்மார், நடுவர்கள், ஐயா, எல்லோரும் நின்றோம். பயமில்லாத பிள்ளைக்குத்தான் தன்னைக் காத்துக்கொள்ள நினைவு வரும் என்று, தோற்றுப்போன ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை எங்களுக்குச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். தேவகுமாரி மிஸ் மேசை ஆளியிலிருந்து கையை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். போட்டி முடிந்து கனநேரம் ஆகிவிட்டது, இனிக் கையை எடுக்கலாம் என்று நான்தான் போய்ச் சொன்னேன்.